மந்திரிகள் ஓட்டுப் போட்டார்கள். 2 லட்சம் கப்பல்கள் புறப்பட்டன!

ஒரு நாட்டின் மந்திரி சபை கூடியிருந்தது. எதிரி நாட்டின் மீது படை எடுப்பதா, வேண்டாமா என்பதுதான் பேச்சு.

நிதி மந்திரி எழுந்தார். "வேண்டாம்" என்றார். கஜானா தாங்காது என்பது அவர் கட்சி.

தொழிலாளர் விவகாரத்தைக் கவனிக்கும் மந்திரியும் "வேண்டாம்" என்றார். வேலை தெரிந்த ஆட்களை எல்லாம் பட்டாளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நகரத்தில் போக்குவரத்தை ஒழுங்காக நடத்தக்கூட அனுபவம் உள்ள ஆள் இல்லை என்று எடுத்துச் சொன்னார்.

அப்போது தலைமை மந்திரி ஒரு கணக்கைக் காட்டினார். சர்க்காருக்கு ஜனங்களிடம் உள்ள ஆதரவு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எதிர்ப்போ பாதிக்கு மேல். தேர்தலோ நெருங்கி வருகிறது. நூறு நாளைக்குள் பெரிய வெற்றி ஒன்று கிடைத்தால் ஆதரவு உயரும் என்று கம்ப்யூட்டர் கணித்திருந்தது!

ஓட்டு எடுத்தார்கள். படையெடுப்பு என்று முடிவாயிற்று. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் மூன்றே பேர்.

3 கோடி பேர் கப்பல் ஏறினார்கள். 2 லட்சம் போர்க் கப்பல்கள் புறப்பட்டன. அவை கடலில் ஓடும் கப்பல்கள் அல்ல. நட்சத்திரங்களுக்கு நடுவே ஓடும் விண்வெளிக் கப்பல்கள்!

ஜப்பான் எழுத்தாளர்

இது ஒரு கதையில் வரும் காட்சி. எழுதியவர் யோஷிகி தனாகா என்ற ஜப்பான் எழுத்தாளர். 1952ஆம் ஆண்டு குமமோட்டோவில் பிறந்தவர். கதையின் பெயர் "விண்மீன் வீரர்களின் இதிகாசம்" என்று பொருள்படும்.

1982இல் முதல் புத்தகம் வந்தது. 1987இல் 10ஆவது புத்தகத்துடன் கதை முடிந்தது. 1988 முதல் 1997 வரை இதையே 110 பகுதிகள் கொண்ட சித்திரப் படமாகவும் எடுத்தார்கள். 2018இல் புதிய சித்திரப் படம் வெளிவரத் தொடங்கியது.

கதை நடப்பது நம் காலத்துக்குச் சுமார் 1,500 ஆண்டுகளுக்குப் பிறகு. மனிதர்கள் பூமியை விட்டுப் பல நட்சத்திரங்களுக்குக் குடியேறிவிட்டார்கள். அங்கே இரண்டு பெரிய நாடுகள்.

ஒன்று, சாம்ராஜ்யம். சக்கரவர்த்தியும் பிரபுக்களும் ஆளுவது. ஜனத்தொகை 2,500 கோடி.

மற்றொன்று, குடியரசு. சாம்ராஜ்யத்தின் கொடுமை பொறுக்காமல் தப்பி ஓடியவர்கள் அமைத்த நாடு. ஜனத்தொகை 1,300 கோடி. அங்கே மன்னன் இல்லை. ஓட்டு உண்டு, தேர்தல் உண்டு, மந்திரிகள் உண்டு. கதையில் அவர்களைக் "கமிட்டித் தலைவர்கள்" என்று அழைக்கிறார்கள். நம் வழக்கில் சொன்னால் மந்திரிகள்தான்.

இந்த இரண்டு நாடுகளும் 150 ஆண்டுகளாகச் சண்டை போடுகின்றன.

விண்வெளிச் சண்டைக் கதை என்றால் பீரங்கியும் வெடியும் இருக்கும் என்று நினைப்போம். இதிலும் இருக்கின்றன. ஆனால் கதை முழுவதும் ஒரு கேள்வி நம்மைத் துரத்திக்கொண்டே வருகிறது. பட்டாளத்துக்கு யார் எஜமானர்? அந்த எஜமானர் கெட்டவராக இருந்தால் என்ன செய்வது?

பென்ஷனுக்கு ஏங்கிய தளபதி

குடியரசுப் படையில் ஒரு தளபதி. பெயர் யாங் வென்லி. கதை தொடங்கும்போது வயது 29.

இவருக்குப் பட்டாளமே பிடிக்காது. சரித்திரம் படிக்க ஆசைப்பட்டவர். வியாபாரியாக இருந்த தகப்பனார் இறந்தார். கையில் காசு இல்லை. ராணுவக் கல்லூரியில் சேர்ந்தால் சம்பளம் கட்டாமல் சரித்திரம் படிக்கலாம் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தார். மாட்டிக்கொண்டார்!

எப்போது ஓய்வு கிடைக்கும், எப்போது பென்ஷன் வரும் என்பதே அவர் கவலை. ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் அவரைப் போல யோசனை செய்பவர் எவரும் இல்லை.

அவர் வீட்டில் ஜூலியன் என்ற பையன் இருக்கிறான். தகப்பனை யுத்தத்தில் இழந்தவன். யுத்தத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பட்டாளக்காரர்களின் வீடுகளிலேயே வளர்க்க வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டம். வளர்ப்புச் செலவுக்கு சர்க்கார் கடன் கொடுக்கும். பிள்ளை வளர்ந்து பட்டாளத்தில் சேர்ந்தால் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டாம்.

கருணை போலத் தோன்றும் சட்டம். உள்ளே பார்த்தால், தகப்பனைப் பறித்த யுத்தத்துக்கே பிள்ளையையும் தயார் செய்கிறது. ஜூலியன் நன்றாகத் தேநீர் போடுவான். யாங் அதைக் குடித்துக்கொண்டே, இந்தப் பையன் மட்டும் யுத்தத்துக்குப் போகக்கூடாதே என்று நினைப்பார்.

மந்திரியைக் கேள்வி கேட்ட பெண்

அஸ்டார்ட்டே என்ற இடத்தில் ஒரு சண்டை. குடியரசுப் படையில் 15 லட்சம் பேர் மாண்டார்கள். தலைநகரில் அஞ்சலிக் கூட்டம் நடந்தது.

ராணுவ மந்திரி பேசினார். பெயர் ட்ரூனிக்ட். நல்ல உடை, நல்ல முகம், அதைவிட நல்ல குரல். தாய்நாட்டுக்காக உயிர் விடுவதைப் போல மேன்மை எதுவும் இல்லை என்று முழங்கினார். கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. யாங் மட்டும் எழுந்திருக்கவில்லை.

அப்போது ஓர் இளம் பெண் மேடையை நோக்கி நடந்து வந்தாள். பெயர் ஜெசிகா எட்வர்ட்ஸ். அவளை மணக்க இருந்தவன் அந்தச் சண்டையில் இறந்துவிட்டான்.

சாவு மேன்மையானது என்று பேசுகிறீர்களே, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவள் மந்திரியைக் கேட்டாள். உங்கள் குடும்பத்தார் எங்கே இருக்கிறார்கள் என்றும் கேட்டாள்.

மந்திரி பதில் சொல்லவில்லை. அவளைக் கூட்டத்திலிருந்து வெளியே கொண்டுபோனார்கள்.

பிறகு ஜெசிகா தேர்தலில் நின்று ஜெயித்து, ஜனப் பிரதிநிதி ஆனாள். அதே கேள்வியைச் சபையிலும் கேட்டாள்.

வெற்றியால் வந்த வினை

இரு நாடுகளுக்கும் நடுவே போகும் வழியை ஒரு கோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. பெயர் இசர்லோன். 60 கிலோமீட்டர் குறுக்களவு உள்ள உருண்டைக் கோட்டை. குடியரசுப் படை அதை ஆறு தடவை தாக்கி, ஆறு தடவையும் தோற்றது.

யாங் அதைத் தந்திரத்தால் பிடித்தார். தம் ஆட்களுக்கு எதிரியின் உடையை மாட்டி, எதிரியின் கப்பலிலேயே உள்ளே அனுப்பினார். அவர் பக்கத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

வழியை நாம் அடைத்துவிட்டோம். இனி எதிரி வர முடியாது. சமாதானம் பேசலாம் என்று யாங் நம்பினார். பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றும் நம்பினார்.

நடந்தது நேர்மாறு. இத்தனை எளிதாக ஜெயிக்க முடிந்தால் எதிரி நாட்டுக்குள்ளேயே நுழையலாமே என்று மந்திரிகளுக்கு ஆசை வந்தது. ஓர் இளம் ராணுவ அதிகாரி தம் மேலதிகாரிகளைத் தாண்டி, மந்திரிகளிடமே ஒரு திட்டத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆரம்பத்தில் சொன்னோமே, அந்த மந்திரி சபைக் கூட்டம் இந்தத் திட்டத்துக்காகக் கூடியதுதான்.

தூங்கிய சேனாதிபதி

குடியரசுக் கப்பல்கள் எதிரி நாட்டுக்குள் நுழைந்தன. எதிர்க்க யாரும் இல்லை. கிரகம் கிரகமாகப் பிடித்தார்கள்.

பிடித்த இடத்தில் எல்லாம் ஜனங்கள் பட்டினி! எதிரிப் படை பின்வாங்கும்போது உணவுப் பொருள்களை ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டது. சாம்ராஜ்யத்தின் இளம் தளபதி ரெய்ன்ஹார்ட் விரித்த வலை அது.

"உங்களை விடுவிக்க வந்தோம்" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள், பசித்த ஜனங்களை விட்டுவிட முடியுமா? 5 கோடி பேருக்குச் சோறு போட வேண்டியதாயிற்று. கப்பலில் இருந்த தானியம் தீர்ந்தது. தாய்நாட்டிலிருந்து வந்த உணவுக் கப்பல்களை எதிரி வழியிலேயே அழித்துவிட்டான்.

பிறகு என்ன? கொடுத்த கையே பிடுங்கத் தொடங்கியது. சிப்பாய்கள் ஜனங்களின் உணவைப் பறித்தார்கள். ஜனங்கள் கலகம் செய்தார்கள். விடுவிக்க வந்தவர்கள் கொள்ளைக்காரர்கள் ஆனார்கள்.

திரும்பி வர உத்தரவு கொடுங்கள் என்று தளபதிகள் மன்றாடினார்கள். வயதில் மூத்த தளபதி ஒருவர் தலைமைச் சேனாதிபதியிடம் பேச வேண்டும் என்றார். சேனாதிபதி தூங்குகிறார், எழுப்பக் கூடாது என்று பதில் வந்தது!

எதிரி பாய்ந்தான். போன 3 கோடிப் பேரில் 2 கோடிப் பேர் திரும்பி வரவில்லை.

மந்திரி சபை ராஜினாமா செய்தது. எதிர்த்து ஓட்டுப் போட்ட மூன்று பேருக்கு மட்டும் ஜனங்களிடம் மதிப்பு கூடியது. அந்த மூவரில் இருவர் முன்பே சொன்ன நிதி மந்திரியும் தொழிலாளர் மந்திரியும். மூன்றாமவர் யார் தெரியுமா?

ராணுவ மந்திரி ட்ரூனிக்ட்! மேடையில் யுத்தம் யுத்தம் என்று முழங்கியவர், இந்தப் படையெடுப்பு தோற்கும் என்று கணக்குப் போட்டு, எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார். தலைமைப் பதவி அவரைத் தேடி வந்தது.

பட்டாளம் ஆண்டால்?

"இப்படிப்பட்ட மந்திரிகள் எதற்கு? பட்டாளமே ஆளலாமே!" என்று உங்களுக்குத் தோன்றுகிறதா?

கதையில் வரும் சில தளபதிகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுத்த ஆண்டே அவர்கள் தலைநகரைக் கைப்பற்றினார்கள். நாட்டைக் காப்பாற்ற வந்தோம் என்றார்கள். ஊழலை ஒழிப்போம் என்றார்கள். அவர்களில் பலர் நேர்மையானவர்கள்தான். தலைவராக இருந்தவர் எல்லோரும் மதித்த பெரியவர்.

ஆனால் செய்தது என்ன? அரசியல் சட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். கூட்டம் போடக் கூடாது என்றார்கள். பத்திரிகையில் இதைத்தான் எழுதலாம் என்றார்கள்.

ஜெசிகா ஒரு விளையாட்டு மைதானத்தில் ஜனங்களைக் கூட்டி, அமைதியாகக் கண்டனம் தெரிவித்தாள். பட்டாளம் வந்தது. ஜெசிகாவை அடித்தே கொன்றார்கள். கலவரம் மூண்டது. மைதானத்தில் 20 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள்.

மந்திரியாக இருந்த ட்ரூனிக்டை அவள் கேள்வி கேட்டபோது, அவளை வெளியே மட்டும்தான் அனுப்பினார்கள். பட்டாளத்தைக் கேள்வி கேட்டபோது அவள் உயிரே போயிற்று. இரண்டு ஆட்சிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அந்தப் புரட்சியை அடக்கியவர் யாங். அடக்கி முடித்ததும், அதுவரை ஒளிந்திருந்த ட்ரூனிக்ட் சிரித்த முகத்துடன் வெளியே வந்தார். ஜனங்கள் முன்னிலையில் யாங்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாங்குக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் கையைக் கொடுத்தார்.

விசாரணைக் கூண்டில்

நாட்டைக் காப்பாற்றியவருக்கு மந்திரிகள் என்ன பரிசு கொடுத்தார்கள்? சந்தேகம்!

இத்தனை புகழ் பெற்றவன் நாளைக்கு நம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் என்ற பயம் அவர்களுக்கு. யாங்கைத் தலைநகருக்கு அழைத்து விசாரணை நடத்தினார்கள். தனி மனிதனின் சுதந்திரத்தைவிட நாடு பெரிதல்ல என்று தம் சிப்பாய்களிடம் அவர் பேசியதைக்கூடக் குற்றமாக்கினார்கள்.

அவர் இல்லாத நேரம் பார்த்து எதிரி இசர்லோன் கோட்டையைத் தாக்கினான். செய்தி வந்ததும் விசாரித்தவர்களே முகம் வெளுத்து, உடனே போய்க் காப்பாற்றுங்கள் என்றார்கள். ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தார் யாங். அதைக் கொடுக்காமல் புறப்பட்டுப் போனார்.

ஒரே ஒரு குண்டு

கதையின் உச்சம் இனிமேல்தான்.

ரெய்ன்ஹார்ட் குடியரசுக்குள் படையெடுத்து வந்தார். யாங் அவரைத் தனியே பிரித்து மடக்கினார். பல நாள் சண்டை. கடைசியில் ரெய்ன்ஹார்ட்டின் கப்பல் யாங்கின் பீரங்கிக்கு நேர் எதிரே வந்துவிட்டது. இன்னும் ஒரு குண்டு. யுத்தம் முடிந்துவிடும்.

அந்த நேரத்தில் தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது: சண்டையை நிறுத்து!

எதிரியின் வேறு தளபதிகள் தலைநகரைச் சூழ்ந்துகொண்டார்கள். ட்ரூனிக்ட் தம் உயிருக்கும் சுகத்துக்கும் உத்தரவாதம் வாங்கிக்கொண்டு சரணாகதி அடைந்துவிட்டார். சாகும் வரை சண்டை போடு என்று ஊருக்குச் சொன்னவர், முதல் ஆளாகக் கைதூக்கினார்.

யாங்கின் பக்கத்தில் இருந்தவர்கள் துடித்தார்கள். உத்தரவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம், சுடுங்கள் என்று வற்புறுத்தினார்கள்.

யாங் சுடவில்லை.

ட்ரூனிக்டைக் கண்டாலே அவருக்கு அருவருப்பு. அந்த உத்தரவு தவறு என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் உத்தரவு போட்டது ஜனங்கள் தேர்ந்தெடுத்த சர்க்கார். பிடிக்காத உத்தரவை ஒரு தளபதி தூக்கி எறிந்தால், நாளைக்கு எந்தத் தளபதியும் தூக்கி எறியலாம். மைதானத்தில் ஜெசிகாவைக் கொன்ற பட்டாளமும் அப்படி ஆரம்பித்ததுதானே?

சண்டைக்குப் பிறகு இருவரும் சந்தித்தார்கள். ட்ரூனிக்டைப் போன்றவரைத் தேர்ந்தெடுக்கும் ஜனநாயகம் எதற்கு என்று ரெய்ன்ஹார்ட் கேட்டார். தீயினால் வீடு எரிவதும் உண்டு. அதற்காகத் தீயே வேண்டாம் என்பீர்களா என்ற கருத்தில் யாங் பதில் சொன்னார். மன்னன் தவறு செய்தால் ஜனங்கள் மன்னன் மீது பழி போடலாம். தாங்களே தேர்ந்தெடுத்தவர் தவறு செய்தால் பழி தங்கள் மீதே. அதைத் திருத்தும் பொறுப்பும் தங்களுடையதே என்பது அவர் எண்ணம்.

ஜப்பான் கண்ட உண்மை

இதெல்லாம் கற்பனை. ஆனால் இந்தக் கதை பிறந்த ஜப்பானின் சரித்திரத்தைப் பார்த்தால், கற்பனைக்கு வெகு அருகில் இருக்கிறது.

1945க்கு முன் ஜப்பானில் தரைப்படையும் கடற்படையும் சக்கரவர்த்திக்கு நேராகக் கட்டுப்பட்டவை. மந்திரி சபைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. 1931இல் மஞ்சூரியாவில் இருந்த ஜப்பான் பட்டாளம், டோக்கியோ சர்க்காரின் அனுமதி இல்லாமலே சண்டையைத் தொடங்கியது.

1932 மே 15ஆம் தேதி கடற்படை இளம் அதிகாரிகள் பிரதம மந்திரி இனுகாயின் வீட்டுக்குள் புகுந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

1936இல் ஒரு பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். தரைப்படை மந்திரியும் கடற்படை மந்திரியும் பணியில் உள்ள அதிகாரிகளாகவே இருக்க வேண்டும் என்பது அந்த விதி. அதனால் என்ன ஆயிற்று? பட்டாளம் ஆள் கொடுக்க மறுத்தால் மந்திரி சபையே அமைக்க முடியாது. 1937இல் உகாகி என்பவரைப் பிரதம மந்திரி ஆகும்படி அழைத்தார்கள். தரைப்படை மந்திரியைக் கொடுக்க மறுத்தது. அவரால் சபை அமைக்க முடியவில்லை.

அதன் பிறகு சீனாவோடு யுத்தம். அமெரிக்காவோடு யுத்தம். 1945இல் ஹிரோஷிமா, நாகசாகி. முடிவில் சரணாகதி.

1947இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியல் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். பிரதம மந்திரியும் மற்ற மந்திரிகளும் பட்டாளத்தைச் சேராத குடிமக்களாகவே இருக்க வேண்டும். லட்சக்கணக்கான உயிர்களைக் கொடுத்து எழுதிய வரி அது. அந்தச் சட்டம் வந்து 5 ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தவர்தான் தனாகா.

யார் கையில் கடிவாளம்?

பட்டாளம் ஒரு முரட்டுக் குதிரை. கடிவாளம் ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். இதில் யாங்குக்குச் சந்தேகம் இல்லை. ஜப்பானின் சரித்திரமும் அதையே சொல்கிறது.

ஆனால் கடிவாளம் பிடித்தவர் தம் நாற்காலிக்காகக் குதிரையைப் பள்ளத்தில் ஓட்டினால்? அவரை இறக்கிவிட யாங்கால் முடியாது. ஜூலியன் போன்ற சிறுவனாலும் முடியாது. ஜெசிகாவைப் போல "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்கும் ஜனங்களால்தான் முடியும்.

ட்ரூனிக்ட் வாளால் பதவிக்கு வந்தவர் அல்ல. அவர் பேச்சைக் கேட்டு எழுந்து நின்று கை தட்டினார்களே, அவர்கள் கொடுத்த பதவி அது. அன்று அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். கேள்வி கேட்டவளும் ஒருத்திதான்.

இன்னும் கொஞ்சம் பேர் கேட்டிருந்தால், 2 லட்சம் கப்பல்களும் துறைமுகத்திலேயே நின்றிருக்கும்.